முதல் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறையாதா? மின்சுற்று அடிப்படைகள் பற்றிய ஓர் இழை

வினாத்தாள்:
மின்சுற்றுக் கணக்குகளை ஓரளவு போட்டுவிடுகிறேன். சூத்திரத்தில் எண்களை இட்டால் விடை வந்துவிடுகிறது. அதே பாடத்திலிருந்து "ஏன்" என்று கேட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறேன். இப்போது தலையைக் குடையும் கேள்வி இது.

ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வைக்கிறோம். மின்னோட்டம் முதல் பல்புக்குள் புகுந்து ஒளியும் வெப்பமும் தருகிறது. அவ்வளவு வேலை செய்த பிறகு அது கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டாமா? இரண்டாவது பல்பும் அதே பிரகாசத்தோடு எரிகிறதே, எப்படி? பாடப்புத்தகம் "தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

அரைவோல்ட்:
இதை வகுப்பில் கேட்க நினைத்தேன். எல்லாரும் சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டேன். பின்தொடர்கிறேன்.

மூன்றாம்சந்தி:
சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. கல்லூரியில் இயற்பியல் படிக்க வருகிறவர்களிலும் பலர் இந்தக் குழப்பத்தைக் கூடவே சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

மின்னோட்டத்தையும் ஆற்றலையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு நொடியில் ஓர் இடத்தைக் கடக்கும் மின்னூட்டத்தின் அளவுதான் மின்னோட்டம். 1 ஆம்பியர் என்றால் நொடிக்கு 1 கூலூம். அந்தக் கூலூம் ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலைக் கைமாற்றுகிறது என்பதை வோல்ட் சொல்கிறது: 1 வோல்ட் என்றால் கூலூமுக்கு 1 ஜூல். உங்கள் சுற்றில் 3 வோல்ட் மின்கல அடுக்கு, 0.2 ஆம்பியர் மின்னோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நொடியும் முதல் பல்புக்குள் 0.2 கூலூம் போகிறது, அதே 0.2 கூலூம் வெளியே வருகிறது. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இடையில் மின்னழுத்தம் மட்டும் 1.5 வோல்ட் இறங்கியிருக்கிறது. அதாவது 0.3 ஜூல் அந்தப் பல்பில் வெப்பமும் ஒளியுமாகிவிட்டது. இரண்டாவது பல்பில் இன்னொரு 1.5 வோல்ட், இன்னொரு 0.3 ஜூல். செலவானது ஆற்றல். மின்னூட்டம் அழியாது.

அழியாவிட்டாலும் பல்புக்குள்ளேயே கொஞ்சம் தங்கிவிடக் கூடாதா என்று அடுத்து கேட்கத் தோன்றும். உள்ளே 0.2, வெளியே 0.15 என்றால் நொடிக்கு 0.05 கூலூம் பல்பில் சேரும். பார்வைக்குச் சின்ன எண். ஆனால் 0.05 கூலூம் கொண்ட இரண்டு மின்னூட்டங்களை 1 மீட்டர் இடைவெளியில் வைத்தால், கூலூம் விதிப்படி அவை ஒன்றையொன்று தள்ளும் விசை 2 கோடி நியூட்டனுக்கு மேல்! 2,000 டன்னைத் தூக்கப் போதுமான விசை அது. ஆகவே அவ்வளவு சேர்வதற்கு வாய்ப்பே இல்லை. அதில் கோடியில் ஒரு பங்கு சேரத் தொடங்கும்போதே, பின்னால் வரும் எலக்ட்ரான்களை அது தடுக்கும். முன்னால் போகிறவற்றைத் தள்ளும். வருவதும் போவதும் சமமாகும்வரை இது ஓயாது.

சாலிடர்முனை:
கணக்கை நம்பாதவர்கள் அம்மீட்டரை நம்பலாம். மின்கலத்துக்கும் முதல் பல்புக்கும் இடையில் வைத்துப் பாருங்கள், இரண்டு பல்புகளுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், இரண்டாவதற்கு அப்பால் வைத்துப் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே எண்தான்.

ஒரு எச்சரிக்கை. அம்மீட்டரைச் சுற்றை வெட்டி அந்த இடைவெளியில் சேர்க்க வேண்டும். பல்பின் இரு முனைகளிலும் குறுக்காகப் போட்டுவிடக் கூடாது. அதன் மின்தடை மிகமிகக் குறைவு என்பதால், மின்னோட்டம் பல்பை விட்டுவிட்டு மீட்டர் வழியே பாய்ந்துவிடும். மல்டிமீட்டரில் இந்த விபத்து நடக்கும் விதமே தனி. மின்னோட்டத்தை அளந்துவிட்டுச் சிவப்புக் கம்பியை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிடுவார்கள். அடுத்து குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பிக்கொண்டு மின்கலத்தின் இரு முனைகளையும் தொடுவார்கள். குமிழ் எங்கே நின்றாலும் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது ஏறக்குறைய வெறும் கம்பிதான். உள்ளே இருக்கும் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். என் மேசைக்கு வரும் "பழுதான" மீட்டர்களில் பல இப்படி வந்தவை.

வினாத்தாள்:
கூலூம் விசைக் கணக்கு மனதில் உட்கார்ந்துவிட்டது, நன்றி அக்கா. ஆனால் அதிலிருந்தே இன்னொன்று முளைக்கிறது. மூன்றாவதாக ஒரு பல்பைத் தொடரில் சேர்த்தால், முதல் பல்புக்கு முன்னாலேயே மின்னோட்டம் குறைந்துவிடுகிறது. மூன்றாவது பல்பு எங்கோ கடைசியில் இருக்கிறது. அது அங்கே இருப்பது மின்கலத்துக்கு எப்படித் தெரியும்?

பழைய கரும்பலகை:
நல்ல கேள்வி. பல பாடப்புத்தகங்கள் இதைத் தொடாமலேயே தாண்டிப் போய்விடுகின்றன.

மின்கலத்துக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. "மின்கலம் இவ்வளவு மின்னோட்டம் என்று அளந்து அனுப்புகிறது" என்ற படத்தை முதலில் அழித்துவிடுங்கள். தன் இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய மாறாத ஒரு மின்னழுத்த வேறுபாட்டை நிலைநிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. மின்னோட்டம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது முழுச் சுற்று.

சாவியை மூடிய கணத்தைக் கவனியுங்கள். மின்கலத்தை ஒட்டிய கம்பியில் எலக்ட்ரான்கள் நகரத் தொடங்குகின்றன. தூரத்தில் பல்பு இருக்கிறதா, இல்லையா என்பதற்கு அந்தக் கணத்தில் எந்த அறிகுறியும் இல்லை. முதல் சில நானோநொடிகளுக்கு மின்னோட்டம் இடத்துக்கு இடம் வேறுபடவே செய்கிறது. மின்னிழை தொடங்கும் இடத்தில் வருவது அதிகம், போவது குறைவு. அதனால் அங்கேயும் கம்பியின் மேற்பரப்பிலும் துளியளவு மின்னூட்டம் குவிகிறது. குவிந்த மின்னூட்டத்தின் மின்புலம் பின்னால் வருவதைக் கட்டுப்படுத்துகிறது. இந்தச் சரிசெய்தல் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்று முழுதும் முன்னும் பின்னுமாக ஓடி, எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றாகும்போது அடங்குகிறது. ஒளி ஒரு நானோநொடியில் 30 செ.மீ. போய்விடும். மேசைமேல் வைத்த சுற்றில் இந்தக் கொந்தளிப்பு அடங்க ஒரு மைக்ரோநொடிகூட வேண்டியதில்லை.

பாடத்தில் வரும் விதிகள் எல்லாம் அது அடங்கிய பிறகான நிலையைப் பற்றியவை. ஆகவே மின்னோட்டத்தோடு கூடவே நடந்துபோய் "இதோ முதல் பல்பு, அடுத்தது இரண்டாவது பல்பு, பாவம் அதற்கு மிச்சம்" என்று கதை கட்டாதீர்கள். சுற்றின் எந்த மூலையில் கை வைத்தாலும் சுற்று முழுதும் மாறும். மூன்றாவது பல்பைச் சேர்த்ததும் அது புதிய சுற்று. பழைய மின்னோட்டத்தை மறந்துவிட்டு மொத்தத் தடையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

சாலிடர்முனை:
புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் தண்ணீர்க் குழாயைச் சொல்லித்தான் புரியவைப்பேன். பம்ப் என்பது மின்கலம், குறுகலான குழாய் என்பது மின்தடை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது மின்னோட்டம். குழாயில் எங்கே குறுகல் இருந்தாலும் பாய்ச்சல் எல்லா இடத்திலும்தானே குறைகிறது?

பழைய கரும்பலகை:
இந்த ஒரு விஷயத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மாணவர் மனதில் வருவது தொட்டியில் தொடங்கி வடிகாலில் முடியும் குழாய். அங்கேதான் மின்னோட்டம் "தீர்ந்துபோகும்" எண்ணம் மறுபடி நுழைகிறது. தவிர, குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும்.

சாலிடர்முனை:
நான் சொன்னது நீர் சுற்றிச்சுற்றி வரும் மூடிய வளையம், ஐயா. அதற்குத்தானே பம்ப்.

பழைய கரும்பலகை:
மூடிய வளையம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

அரைவோல்ட்:
எலக்ட்ரான்கள் கம்பிக்குள் மிக மெதுவாக நகர்கின்றன என்று எங்கோ படித்தேன். இங்கே ஒளியின் வேகம் என்கிறீர்கள். எதை நம்புவது?

மூன்றாம்சந்தி:
இரண்டும் உண்மை. வெவ்வேறு பொருட்களின் வேகங்கள் அவை.

1 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடுகிறது என்போம். ஒரு கன மீட்டர் தாமிரத்தில் சுமார் 8.5 × 10²⁸ கட்டற்ற எலக்ட்ரான்கள் உண்டு. மின்னோட்டத்தை இந்தச் செறிவாலும் குறுக்குப்பரப்பாலும் ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தாலும் (1.6 × 10⁻¹⁹ கூலூம்) வகுத்தால் இழுப்புத் திசைவேகம் வரும். போட்டுப் பாருங்கள்: நொடிக்குச் சுமார் 0.07 மி.மீ. ஒரு மணி நேரத்தில் 26 செ.மீ. அவ்வளவுதான்.

பல்பு உடனே எரிவதற்குக் காரணம், எரியவைக்கும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே மின்னிழைக்குள் இருக்கின்றன என்பது. மின்கலத்திலிருந்து எதுவும் கிளம்பி வந்து சேர வேண்டிய அவசியம் இல்லை. மேலே ஐயா சொன்ன மின்புலம்தான் அந்த வேகத்தில் பரவி, சுற்றிலுள்ள எல்லா எலக்ட்ரான்களையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகர்த்துகிறது. மாறுதிசை மின்னோட்டத்தில் இன்னும் வேடிக்கை: எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. எங்கேயும் போய்ச் சேர்வதே இல்லை. விளக்கு எரிகிறது.

அரைவோல்ட்:
அப்படியானால் படத்தில் அம்புக்குறியை எலக்ட்ரான் போகும் பக்கம் போட வேண்டாமா? ஏன் எதிர்ப்பக்கம் போடுகிறோம்?

பழைய கரும்பலகை:
மின்னோட்டத்தின் திசையை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு என்று வகுத்துக்கொண்டது எலக்ட்ரானைக் கண்டறிவதற்கு வெகுகாலம் முன்பு. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897இல். தவிர, மின்பகு திரவத்தில் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் எதிரெதிராக நகர்கின்றன. அங்கே எந்தப் பக்கம் போடுவீர்கள்? வழக்கத்தில் உள்ள திசையையே பிடித்துக்கொள்ளுங்கள். எந்த விடையும் மாறாது.

வினாத்தாள்:
மாதிரித் தேர்வில் வந்தது: 12 வோல்ட், 6 வாட் பல்பு ஒன்று. 12 வோல்ட், 12 வாட் பல்பு ஒன்று. இரண்டையும் தொடரில் இணைத்து 12 வோல்ட் கொடுத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும்?

அரைவோல்ட்:
12 வாட் பல்புதான். அதன் மேலேயே எழுதியிருக்கிறதே.

மூன்றாம்சந்தி:
எழுதியிருப்பது "12 வோல்ட் கிடைத்தால் 12 வாட்" என்ற நிபந்தனையோடு. தொடரில் அந்த 12 வோல்ட் அதற்குக் கிடைக்கப்போவதில்லை.

மின்தடை = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்திறன். 6 வாட் பல்புக்கு 144 ÷ 6 = 24 ஓம். 12 வாட் பல்புக்கு 144 ÷ 12 = 12 ஓம். மொத்தம் 36 ஓம், ஆகவே மின்னோட்டம் 12 ÷ 36 = 1/3 ஆம்பியர். இரண்டிலும் அதே மின்னோட்டம். மின்திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. 6 வாட் பல்பில் 24 ÷ 9 = 2.67 வாட், 12 வாட் பல்பில் 12 ÷ 9 = 1.33 வாட். 6 வாட் பல்புதான் பிரகாசம்.

சாலிடர்முனை:
தேர்வுத்தாளுக்கு இது போதும். மின்னிழைப் பல்புகளை வைத்துச் செய்து பார்த்தால் வேறுபாடு இதைவிட மோசமாக இருக்கும். 12 வாட் பல்பு எரிகிறதா என்று கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டும். இழை இலேசாகச் சிவந்திருந்தால் அதுவே பெரிது. காரணம், டங்ஸ்டன் இழையின் மின்தடை மாறாத எண் இல்லை. குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாக அது எரியும்போது உயர்ந்துவிடுகிறது. 12 வாட்டுக்காகச் செய்த இழைக்கு ஒரு வாட்டை ஒட்டித்தான் கிடைக்கிறது என்றால் அது சூடேறாது. சூடேறாவிட்டால் அதன் தடை 12 ஓமை எட்டாது. தடை குறைந்தால் மின்னழுத்தத்தில் அதன் பங்கு இன்னும் சுருங்கும். சுருங்கியது மற்றப் பல்புக்குப் போய்ச் சேரும்.

அரைவோல்ட்:
பொறுங்கள். தடை மாறுகிறது என்றால் பல்பு ஓம் விதிக்குக் கட்டுப்படவில்லையா? பிறகு எப்படி அதற்கு 24 ஓம் என்று கணக்கு எழுதினோம்?

வினாத்தாள்:
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சூத்திரத்தில் மின்தடை கூடினால் மின்திறன் கூடுகிறது. மற்றொன்றில் மின்தடை கூடினால் மின்திறன் குறைகிறது. இரண்டும் ஒரே பாடத்தில், பக்கத்துப் பக்கத்தில்.

பழைய கரும்பலகை:
இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். "மின்தடை கூடினால்" என்று தொடங்கும் எந்த வாக்கியத்திலும் "எது மாறாமல் இருக்கும்போது" என்பது மறைந்திருக்கிறது. தொடரிணைப்பில் எல்லாவற்றுக்கும் பொதுவானது மின்னோட்டம். அங்கே பெரிய தடைதான் அதிகம் சூடாகும். பக்க இணைப்பில் (எல்லாம் அதே இரு புள்ளிகளுக்கு இடையே) பொதுவானது மின்னழுத்த வேறுபாடு. அங்கே சிறிய தடைதான் அதிகம் சூடாகும். மேலே உள்ள இரு பல்புகளையும் பக்க இணைப்பில் வைத்தால் 12 வாட் பல்பு அதன்மேல் எழுதியபடியே ஜெயிக்கும். சூத்திரங்கள் முரண்படவில்லை. எதைப் பொதுவாகப் பிடித்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

இனி ஓம் விதி. மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இது வரையறை. எந்தப் பொருளுக்கும், எந்தக் கணத்திலும் எழுதிக்கொள்ளலாம், பல்புக்கும் டையோடுக்கும்கூட. ஓம் விதி சொல்வது வேறு: வெப்பநிலை போன்றவை மாறாதபோது, உலோகக் கடத்திக்கு இந்த ஈவு மாறிலியாக இருக்கிறது. அதாவது வரைபடத்தில் தொடக்கப் புள்ளி வழியே செல்லும் நேர்கோடு கிடைக்கிறது. அது சோதனையில் கண்ட உண்மை, எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. பல்பின் வரைபடம் வளைகிறது. ஆகவே 24 ஓம் என்பது 12 வோல்ட்டில் எரியும் பல்பின் தடை. வேறு மின்னழுத்தத்தில் வேறு எண். தேர்வுக் கணக்கில் "தடை மாறாது எனக் கொள்க" என்று ஒரு வரி இருக்க வேண்டும். கேள்வி எழுதுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள்.

இந்த விதியைக் கண்ட ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் இந்த நேர்கோட்டுக்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே இந்தச் சோதனைகளைச் செய்தார். வோல்டாவின் மின்னடுக்கு 1800இலேயே வந்துவிட்டது. ஆனால் அது தரும் மின்னழுத்தம் அளந்துகொண்டிருக்கும்போதே சரிந்துபோகும். பொகென்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி அதை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு (இரு சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மாறினார். ஒரு சந்தி கொதிக்கும் நீரில், மற்றது பனிக்கட்டியில். வெப்பநிலைகள் அசையாததால் மின்னியக்கு விசையும் (மூலம் தரும் முழு மின்னழுத்தம்) அசையவில்லை. 1826இல் அளவீடுகள் சீராக வந்தன, 1827இல் நூலாக வெளியிட்டார். அவர் முதலில் எழுதிய சமன்பாடு நாம் மனப்பாடம் செய்யும் வடிவில் இல்லை: மின்னோட்டம் = ஒரு மாறிலி ÷ (இன்னொரு மாறிலி + சோதனைக் கம்பியின் நீளம்). முதல் மாறிலி மின்னியக்கு விசையைக் குறிக்கிறது. அடைப்புக்குள் இருக்கும் மாறிலி, சோதனைக் கம்பி தவிர மீதிச் சுற்றின் தடை. மூலத்தின் அகமின்தடையும் (மூலத்துக்குள்ளேயே இருக்கும் தடை) அதற்குள் அடக்கம். நம் பாடங்களில் கடைசியில் ஒட்டவைக்கும் அகமின்தடை, அவருடைய முதல் சமன்பாட்டிலேயே இருந்திருக்கிறது!

சாலிடர்முனை:
வேலை செய்யும் இடத்தில் வரையறை, விதி என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, ஐயா. அகமின்தடை மட்டும் தினமும் கையைக் கடிக்கும். தீர்ந்துபோன மின்கலத்தை வோல்ட்மீட்டரில் வைத்தால் 1.4 காட்டும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். பல்பைப் போட்டால் எரியாது.

வோல்ட்மீட்டரின் மின்தடை சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரில் 10 மெகாஓம் அளவு. அது மின்கலத்திலிருந்து எடுக்கும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். மின்னோட்டம் இல்லாவிட்டால் அகமின்தடையில் இழப்பும் இல்லை. மின்னியக்கு விசை முழுதாகத் தெரியும். பழசாகிப்போன கலத்துக்கு அகமின்தடை 10 ஓம், பல்பு 5 ஓம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1.4 ÷ 15 = 0.093 ஆம்பியர். பல்புக்குக் கிடைப்பது 0.47 வோல்ட், மீதி கலத்துக்குள்ளேயே போய்விட்டது. ஆகவே மின்கலத்தைச் சுமை ஏற்றி அளந்து பாருங்கள்.

வினாத்தாள்:
ஆய்வகப் பயிற்சியில் இதைத்தான் செய்தோம் என்று இப்போதுதான் உறைக்கிறது. சாவி திறந்திருக்கும்போது 1.5 வோல்ட். 5 ஓம் தடையை இணைத்ததும் 1.25 வோல்ட். மின்னோட்டம் 1.25 ÷ 5 = 0.25 ஆம்பியர். காணாமல்போன 0.25 வோல்ட்டை 0.25 ஆம்பியரால் வகுத்தால் அகமின்தடை 1 ஓம். சரிதானே?

சாலிடர்முனை:
சரி. சாவியை அதிக நேரம் மூடி வைக்காதீர்கள், கலம் சோர்ந்து எண்கள் நகரும்.

அரைவோல்ட்:
எனக்குச் சிக்கல் படத்தில். நான்கு புள்ளிகள் அ, ஆ, இ, ஈ வரிசையாக. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 6 ஓம், ஆக மூன்று தடைகள். அவற்றோடு அ-வையும் இ-யையும் ஒரு கம்பி இணைக்கிறது, ஆ-வையும் ஈ-யையும் இன்னொரு கம்பி இணைக்கிறது. அ-வுக்கும் ஈ-க்கும் இடையே மொத்தத் தடை கேட்கிறார்கள். வரிசையாகத்தானே இருக்கிறது, 18 என்று போட்டேன். விடைப்பக்கத்தில் 2 என்று இருக்கிறது.

மூன்றாம்சந்தி:
படம் கண்ணை ஏமாற்றும். தொடரா, பக்கமா என்பதை வரைந்த விதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெறும் கம்பியால் இணைந்த புள்ளிகள் அனைத்துக்கும் ஒரே மின்னழுத்தம். அவற்றுக்கு ஒரே பெயர் கொடுங்கள். இங்கே இ-யும் அ-தான். ஆ-வும் ஈ-தான். இப்போது தடைகளைப் பெயர் மாற்றி எழுதுங்கள். அ–ஆ இருந்தது அ–ஈ ஆயிற்று. ஆ–இ இருந்தது ஈ–அ ஆயிற்று. இ–ஈ இருந்தது அ–ஈ ஆயிற்று. மூன்றும் அதே இரு புள்ளிகளுக்கு இடையில். பக்க இணைப்பு. 6 ÷ 3 = 2 ஓம்.

இரண்டு புள்ளிகளுக்கு இடையே எத்தனை வளைவு நெளிவு இருந்தாலும் இந்தப் பெயரிடும் முறை கைவிடாது. நான்கு தடைகளின் நடுவே கால்வனோமீட்டர் (சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) உள்ள வீட்ஸ்டோன் சுற்று சமநிலையில் இருக்கும்போதும் இதுவே: கால்வனோமீட்டரின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அந்தக் கிளையை எடுத்துவிட்டுக் கணக்குப் போடலாம்.

அரைவோல்ட்:
வண்ணப் பென்சிலால் ஒரே மின்னழுத்தமுள்ள கம்பிகளுக்கு ஒரே நிறம் தீட்டிப் பார்த்தேன். இன்னும் வேகமாகத் தெரிகிறது.

வினாத்தாள்:
கிர்க்காஃப் விதிகளில் (சந்திக்கு வருவதும் போவதும் சமம்; வளையத்தைச் சுற்றிவந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டல் சுழி) கணக்கு ஒன்று. இரண்டு சந்திகளுக்கு இடையே மூன்று கிளைகள். முதல் கிளையில் 10 வோல்ட் மின்கலமும் 2 ஓமும். இரண்டாவதில் 4 வோல்ட் மின்கலமும் 2 ஓமும். மூன்றாவதில் 6 ஓம் மட்டும். இரு மின்கலங்களின் நேர்முனைகளும் மேல் சந்தியைப் பார்த்து இருக்கின்றன. இரண்டு கலங்களிலிருந்தும் மின்னோட்டம் மேல் சந்திக்குப் போவதாகக் கொண்டேன். முதல் கிளையில் 2 ஆம்பியர் வருகிறது, இரண்டாவதில் −1, மூன்றாவதில் 1. இரண்டாவதில் எங்கோ குறி பிசகிவிட்டது போலிருக்கிறது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

பழைய கரும்பலகை:
அகப்படாது, ஏனென்றால் பிசகவில்லை. எதிர்க்குறி வந்தால் பதறி அழிக்கும் பழக்கத்தை விடுங்கள். நீங்கள் ஊகித்த திசைக்கு எதிராக மின்னோட்டம் போகிறது என்று கணிதம் சொல்கிறது, அவ்வளவுதான். அம்புக்குறியை நடுவழியில் திருத்தாதீர்கள். விடையில் ஒரு வரி எழுதினால் போதும்.

சரிபார்ப்போம். மேல் சந்திக்கு 2 வருகிறது, −1 வருகிறது, 1 போகிறது. கணக்கு நேர். முதல் வளையத்தில் 10 − (2 × 2) − (1 × 6) = 0. இரண்டாவதில் 4 − (−1 × 2) − (1 × 6) = 0. இரண்டும் சரி.

இப்போது இதன் பொருள். 4 வோல்ட் கலத்தின் நேர்முனைக்குள் 1 ஆம்பியர் நுழைகிறது. 10 வோல்ட் கலம் அதை மின்னேற்றம் செய்துகொண்டிருக்கிறது! ஆற்றல் கணக்கைப் பாருங்கள். பெரிய கலம் தருவது 10 × 2 = 20 வாட். தடைகளில் வெப்பமாவது 8, 2, 6, ஆக 16 வாட். மீதி 4 வாட் சிறிய கலத்துக்குள் போகிறது: 4 வோல்ட் × 1 ஆம்பியர். ஒரு வாட்கூடத் தவறவில்லை. இப்படி ஆற்றலை எண்ணிப் பார்ப்பது எந்தச் சுற்றுக் கணக்குக்கும் சிறந்த சோதனை. தேர்வில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் அதைச் செய்யுங்கள்.

கிர்க்காஃபின் இரு விதிகளும் புதிதாக எதையும் சுமத்தவில்லை. சந்தி விதி மின்னூட்டம் அழியாது என்பது. வளைய விதி ஆற்றல் அழியாது என்பது. 1845இல் அவர் இதை எழுதியபோது கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர்.

மூன்றாம்சந்தி:
குறி பிசகாமலிருக்க என் பழக்கம்: வளையத்தில் ஒரு திசையைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை மாறாமல் போவேன். தடையை மின்னோட்டத் திசையில் கடந்தால் இறக்கம், எதிர்த்துக் கடந்தால் ஏற்றம். கலத்தை எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குக் கடந்தால் ஏற்றம். அந்தக் கலத்தின் வழியே மின்னோட்டம் எந்தப் பக்கம் போனாலும் இதில் மாற்றமில்லை. பலரும் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான்.

பழைய கரும்பலகை:
ஒரு புதிர் தருகிறேன். கணக்குப் போடுவதற்கு முன்பு விடையை ஊகித்து எழுதுங்கள். 9 வோல்ட் மின்கலம், அகமின்தடை இல்லை. ஒரே மாதிரியான மூன்று பல்புகள், ஒவ்வொன்றும் 6 ஓம், மாறாது எனக் கொள்க. பல்பு அ தொடரில். அதற்கு அடுத்து ஆ, இ இரண்டும் பக்க இணைப்பில். இப்போது இ-யைக் கழற்றிவிடுகிறேன். மற்ற இரண்டின் பிரகாசம் என்ன ஆகும்?

அரைவோல்ட்:
அ-வுக்கு மாற்றமில்லை, அது முன்னால் இருக்கிறது. இ-யின் பங்கும் ஆ-வுக்கே கிடைப்பதால் ஆ இரண்டு மடங்கு மின்னோட்டத்தோடு எரியும்.

வினாத்தாள்:
"முன்னால் இருக்கிறது" என்பதை ஐயா மேலே தடை செய்துவிட்டார். என் விடை: அ மங்கும், ஆ பிரகாசமாகும், இரண்டும் சமமாகிவிடும். இப்போது கணக்கு. முதலில் மொத்தம் 6 + 3 = 9 ஓம், 1 ஆம்பியர். அ-வில் 6 வாட். ஆ-வில் 0.5 ஆம்பியர், 1.5 வாட். கழற்றிய பிறகு மொத்தம் 12 ஓம், 0.75 ஆம்பியர். அ-வில் 3.375 வாட், ஆ-விலும் அதே 3.375 வாட்.

பழைய கரும்பலகை:
சரி. ஆ-வின் மின்னோட்டம் இரண்டு மடங்காகவில்லை, ஒன்றரை மடங்குதான். மொத்த மின்னோட்டமே குறைந்துவிட்டதல்லவா? பக்க இணைப்பில் ஒரு கிளையை எடுப்பது மொத்தத் தடையைக் கூட்டும்; சேர்ப்பது குறைக்கும்.

சாலிடர்முனை:
என் பங்குக்கு ஒன்று. இ கழற்றிய இடத்தில் வெறும் கம்பியைச் சொருகினால்?

அரைவோல்ட்:
ஆ அணைந்துவிடும். அதன் இரு முனைகளும் இப்போது ஒரே நிறம். அ-வுக்கு முழு 9 வோல்ட். 1.5 ஆம்பியர், 13.5 வாட்.

சாலிடர்முனை:
நன்று. 6 வாட்டுக்குச் செய்த பல்பாக இருந்தால் கண்கூச எரிந்துவிட்டு இழை அறுந்துபோகும். அறுந்த பிறகு அ-வின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்தால் எவ்வளவு காட்டும்?

அரைவோல்ட்:
மின்னோட்டம் சுழி. ஆகவே மின்னழுத்தமும் சுழி.

வினாத்தாள்:
இல்லை, 9 வோல்ட். மின்னோட்டம் இல்லாததால் வேறெங்கும் இறக்கம் இல்லை. அறுந்த இடத்தின் ஒரு பக்கம் மின்கலத்தின் நேர்முனையோடும் மறுபக்கம் எதிர்முனையோடும் சேர்ந்திருக்கிறது. வளைய விதிப்படி 9 வோல்ட்டும் அந்த இடைவெளியில்தான் இருந்தாக வேண்டும். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கி இங்கே கணக்கிட முடியாது; அறுந்த இழையின் தடைக்கு எண்ணே இல்லை.

சாலிடர்முனை:
அதேதான். தொடர் சுற்றில் பழுது தேடும்போது ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்க்க வேண்டாம். மின்சாரத்தை விட்டபடியே, அதுவும் இப்படி மின்கலத்தில் ஓடும் சிறிய சுற்றுகளில் மட்டும், வோல்ட்மீட்டரை ஒவ்வொரு பல்பின் குறுக்கேயும் வைத்துக்கொண்டே போங்கள். நல்ல பல்புகளில் சுழி காட்டும். முழு மின்னழுத்தத்தையும் காட்டுவதுதான் போன பல்பு.